மட்டக்களப்பில் தனியாக வீடு வாங்குவதற்கு எந்தப் பகுதி பொருத்தமானது?

களுவாஞ்சிகுடி மூத்தவள் எழுதியது:

எனக்கு வயது 42. மட்டக்களப்பு நகரில் தாதிய உத்தியோகத்தராகப் பணிபுரிகிறேன். திருமணம் செய்யவில்லை, இனிச் செய்யும் எண்ணமும் இல்லை. எங்கள் பக்கத்தில் தாய்வீடு மகளுக்கே போகும் என்பது உங்களுக்குத் தெரியும். என் கலியாணம் தள்ளிக்கொண்டே போனதால் அம்மா அந்த வீட்டைத் தங்கைக்குச் சீதனமாக எழுதினார். அவளுடைய கணவரும் வழக்கப்படி எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தார். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆயினும் லீவில் ஊருக்குப் போனால் உடுப்புப் பையை எந்த அறையில் வைப்பது என்று கேட்டுத்தான் வைக்கிறேன்.

நகரில் பதினொரு வருடத்துக்குள் ஐந்து வாடகை வீடுகள் மாறிவிட்டேன். எல்லா வீட்டுக்காரரும் கேட்ட முதற் கேள்வி, "கூட யார் இருக்கிறது?" என்பதுதான். ஆகவே சேமிப்பும் வங்கிக் கடனுமாக, எழுத்துச் செலவு உட்பட ஒரு கோடி ரூபாய்க்குள் சொந்தமாக ஒரு சிறிய வீடு வாங்கத் தீர்மானித்திருக்கிறேன். மாலைக் கடமை முடிந்தால் ஸ்கூட்டியில் வீடு சேர இரவு ஏழரை, எட்டு மணியாகும். மாதத்தில் பல நாட்கள் இரவுக் கடமையில் வீடு பூட்டியே கிடக்கும். எனவே பாதுகாப்பு என்று நான் கேட்பது எனக்கும் வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

இதுவரை பார்த்தவை இவை. கல்லடியில் பிரதான வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு வீடு. காற்றோட்டமானது, ஆனால் என் கணக்குக்குச் சற்று மேலே நிற்கிறது. இருதயபுரத்தில் 10 பேர்ச் காணியில் புதிதாகத் திருத்திப் பெயின்ற் பூசிய வீடு, விலை பொருந்துகிறது. நாவற்குடாவில் 8 பேர்ச் வளவில் பழைய ஓட்டு வீடு, 90 இலட்சம் சொல்கிறார்கள்; வயதான தாய் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார், அவருடைய மகள் கனடாவில் இருக்கிறார், காணி உறுதிப் பத்திரம் மகளின் பெயரில், விற்பனையை மாமா ஒருவர் பார்க்கிறார். திராய்மடுப் பக்கத்தில் மிகவும் மலிவாக ஒன்று வந்தது. அது பேமிட் காணி என்றார்கள்.

இவற்றுள் எந்தப் பகுதி எனக்குப் பொருந்தும்? அத்துடன், பெண் தனியாக வாங்கினால் உறுதியில் ஓர் ஆணின் ஒப்பமும் வேண்டும் என்று தரகர் ஒருவர் சொன்னார். அது உண்மையா?

பழைய ஏடு எழுதியது:

மகள், கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். தரகர் சொன்னது பிழை. தேசவழமை என்ற மரபுச் சட்டம் யாழ்ப்பாணத்தவருக்குரியது, மட்டக்களப்பாருக்கு அது பொருந்தாது. இங்குள்ள முக்குவர் சமூகத்தின் பழைய சொத்து வழக்கமும் 1876 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு நீதிமன்றத்தில் செல்லுபடியாகாமல் போய், தாய்வழிக் குடி, கோவில், கலியாணம் என்ற அளவில் மட்டும் நிற்கிறது. உங்களுக்குரியது நாட்டின் பொதுச் சட்டம். அதன்படி நீங்கள் தனியாக வாங்கலாம், ஈடு வைக்கலாம், விற்கலாம். நாளைக்கு மனம் மாறித் திருமணம் செய்தாலும், 1923 ஆம் ஆண்டின் மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டப்படி அது உங்கள் தனிச்சொத்தாகவே இருக்கும். உறுதியில் வேண்டியவை நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும்தான். சாட்சிகள் ஆணா பெண்ணா என்று சட்டம் கேட்பதில்லை.

நான் முப்பது வருடங்களுக்கு மேல் காணி ஏடுகளோடு வேலை செய்தவன். எங்கள் மாவட்டத்தில் வீடு வாங்குபவர் வேறு மாவட்டத்தாரைவிட ஒரு விடயத்தில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இங்கே வீடு தாயிடமிருந்து மகளுக்குச் சீதன உறுதியாகவோ நன்கொடை உறுதியாகவோ இறங்கி வரும்போது, தாய் தன் சீவிய உரித்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு எழுதுவது மிகச் சாதாரணம். நீங்கள் சொல்லும் நாவற்குடா வீடு அப்படிப்பட்டதாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அப்படியானால் மகளின் கையில் இருப்பது உரித்து மட்டுமே, குடியிருக்கும் உரிமை தாயின் ஆயுள் முடியும்வரை தாய்க்கே. மகள் எழுதித் தந்தாலும் உங்களால் அந்த வீட்டுக்குள் போக முடியாது. தாயும் ஒரு தரப்பாக அதே உறுதியில் ஒப்பமிட்டுச் சீவிய உரித்தைக் கைவிட்டால்தான் வீடு முழுமையாக உங்களுடையது. முதியவருக்கு அது விளங்கும்படி தமிழில் வாசித்துக் காட்டப்பட வேண்டும். விளங்காமல் வாங்கிய ஒப்பம் பின்னர் வழக்காக வரும்.

மாமா எந்த அதிகாரத்தில் விற்கிறார் என்பதையும் பாருங்கள். அற்றோணித் தத்துவம், அதாவது உரிமையாளருக்காக இன்னொருவர் செயற்பட எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம், இருக்கிறது என்பார்கள். வெளிநாட்டில் எழுதப்பட்டதாயின் அது அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தப்பட்டதா, இங்கே பதியப்பட்டதா, அதில் விற்கும் அதிகாரம் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறதா என்று உங்கள் சட்டத்தரணி பார்க்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர் இறந்த அன்றே அந்தத் தத்துவமும் இறந்துவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

காணிப் பதிவகத்தில் ஆகக் குறைந்தது முப்பது வருட ஏடுகளைத் தேடச் செய்யுங்கள். "மூல உறுதி தொண்ணூறாம் ஆண்டு இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது" என்று சொன்னால் உடனே சந்தேகப்படவும் வேண்டாம், உடனே நம்பவும் வேண்டாம். நொத்தாரிசு எழுதிய உறுதியின் இணைப்பிரதி பதிவகத்துக்குப் போவதால் உறுதிப்படுத்திய பிரதி எடுக்க முடியும். ஆனால் மூல உறுதி தொலையாமல், வட்டிக்குக் கொடுப்பவர் ஒருவரின் அலுமாரியில் அடைவாகக் கிடக்கவும் கூடும். அத்தகைய கைமாற்று எந்த ஏட்டிலும் பதியப்பட்டிராது. பத்து வருட ஆட்சியை மட்டும் சொல்லி விற்பவரே எழுதி வைத்த பிரகடன உறுதியாயின் அதைத் தொடாதீர்கள். நீண்டகால ஆட்சியால் உரித்து வரும் என்கிற காலாவதிச் சட்டப்படி அந்த உரித்து நிலைக்கிறதா என்பதைத் தீர்ப்பது நீதிமன்றம்தான். பலருக்குப் பொதுவான காணியில் பிரிபடாத பங்கும் வேண்டாம், பங்கீட்டு வழக்கு உங்கள் ஓய்வூதியக் காலம்வரை இழுபடும்.

பேமிட் காணி என்பது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு வழங்கிய அனுமதி. பிரதேச செயலாளரின் சம்மதமின்றி அதைக் கைமாற்ற முடியாது. வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிய பலர் இன்றும் அலைகிறார்கள். திராய்மடுவில் பெரும்பாலும் 2004 சுனாமிக்குப் பிறகு நாவலடி போன்ற கரையோரங்களிலிருந்து வந்தவர்களே குடியமர்த்தப்பட்டார்கள். ஒவ்வொரு வீட்டின் ஆவணமும் எந்த நிலையில் இருக்கிறது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். வங்கிக் கடன் எடுக்கப்போகிற உங்களுக்கு அது தொடக்கத்திலேயே தடைப்படும்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், எஞ்சியதற்கு 4 சதவீதம். 90 இலட்சத்துக்கு எழுதினால் 3,59,000 ரூபாய் வரும், நொத்தாரிசுக் கட்டணம் தனி. வரியைக் குறைக்க விலையைக் குறைத்து எழுதலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வங்கியும் அந்தக் குறைந்த விலையைப் பார்த்தே கடன் தரும். உறுதி எழுதிய கையோடு பதிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒரே காணிக்கு இரண்டு உறுதிகள் எழுந்தால், மோசடி இல்லாதவிடத்து, முதலில் பதியப்பட்டதே வெல்லும்.

கூழாவடி டீச்சர் எழுதியது:

தங்கச்சி, ஐயா சொன்ன அற்றோணித் தத்துவத்தில் நான் மாட்டியிருக்கிறேன், ஆகவே அதைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன். 2016 இல் நான் முதலில் பேசிய வீட்டின் உரிமையாளர் லண்டனில் இருந்தார். இங்கே ஒருவர் தத்துவத்தைக் காட்டி மூன்று இலட்சம் முற்பணம் கேட்டார். சாதாரணப் பற்றுச்சீட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு நானும் கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்துக் கிணற்றைப் பார்க்கப் போனபோது, பக்கத்து வீட்டு அம்மா தேங்காய் துருவிக்கொண்டே, "பாவம், அந்த மனிசன், 31 ஆம் நாள் சாப்பாட்டுக்கு நாங்களும் போனோம்" என்றார். உரிமையாளர் இறந்து நான்கு மாதமாகியிருந்தது! தத்துவம் வைத்திருந்தவர் அதை என்னிடம் சொல்லவே இல்லை. பணத்தில் பாதி திரும்பி வர ஒன்றரை வருடம் எடுத்தது. காணி விற்கும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன் எழுதப்பட்டால்தான் சட்டத்தில் நிற்கும் என்பதை அதன்பின்புதான் அறிந்தேன். முற்பணம் கொடுப்பதாயின் விற்பனை ஒப்பந்தமாக எழுதிக் கொடுங்கள்.

இனிப் பகுதியைப் பற்றி. எட்டு வருடமாகக் கூழாவடியில் தனியாக இருக்கிறேன். என் அனுபவத்தில், இந்த நகரத்தில் பகுதியைவிட ஒழுங்கையே முக்கியம். நாவற்குடா நல்லதா இருதயபுரம் நல்லதா என்று கேட்டால் விடை கிடையாது. ஒரே பகுதியில் அடுத்தடுத்த இரண்டு ஒழுங்கைகள் இரண்டு ஊர்போல இருக்கும். நான் அஞ்சுவது கள்ளனைவிடப் பூட்டிய வீடுகளைத்தான். வலப்பக்க வளவுக்காரர் சுவிஸில், இடப்பக்கத்தவர் கனடாவில், எதிர்வளவில் மதிலுக்கு மேலே பற்றை என்று இருந்தால், அந்த ஒழுங்கை எவ்வளவு மதிப்பான இடத்தில் இருந்தாலும் தனியாக இருக்கும் பெண்ணுக்கு அது உகந்ததல்ல. மாறாக, வாசலில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிற, இரவு ஒன்பது மணிக்கும் இரண்டு மூன்று வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் கேட்கிற, முனையில் ஒரு சில்லறைக் கடை திறந்திருக்கிற ஒழுங்கையில் நீங்கள் இரவுக் கடமைக்குப் போனாலும் வீட்டை நாலு கண் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நாலு கண்ணும் உங்கள் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்பதையும் பார்க்கும் என்பது அதன் விலை. எனக்கு முதல் இரண்டு வருடம் அது எரிச்சலாக இருந்தது. இப்போது மழைக்குக் காயப்போட்ட உடுப்பை எடுத்து வைப்பதும் அவர்கள்தான்.

ஆகவே வீட்டைத் தரகரோடு பகலில் ஒருமுறையும், நீங்கள் வேலை முடிந்து வருகிற அதே நேரத்தில் ஸ்கூட்டியில் தனியாக ஒருமுறையும் போய்ப் பாருங்கள். பிரதான வீதியிலிருந்து கடப்படி வரை தெருவிளக்குகளை எண்ணுங்கள், எத்தனை எரிகின்றன என்றும் எண்ணுங்கள். கடைக்காரரிடம் ஒரு சோடா வாங்கிக் குடித்துக்கொண்டே அந்த வீட்டைப் பற்றிக் கேளுங்கள். தரகர் ஒரு மாதத்தில் சொல்லாததை அவர் ஒரு சோடாவில் சொல்லிவிடுவார்.

வெள்ளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு நகரம் வாவிக்கும் கடலுக்கும் நடுவே மணலில் கிடக்கிறது. கார்த்திகை, மார்கழியில் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கத்து மழைநீரெல்லாம் வாவிக்குள் இறங்கி, வாவி கடலில் கலக்கும் ஆற்றுவாய் வெட்டப்படும்வரை மட்டம் ஏறிக்கொண்டே போகும். அப்போது வடிகானுக்குள் இருக்கும் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. இருதயபுரம், கருவப்பங்கேணி, மாமாங்கம், எங்கள் கூழாவடி எல்லாவற்றிலும் தாழ்ந்த ஒழுங்கைகளில் மாரிக்குத் தண்ணீர் நிற்பது புதிதல்ல. இன்னொன்றையும் பாருங்கள்: உள்வீதிகளுக்குக் கொங்கிறீற்று போட்டபோது பல இடங்களில் வீதி உயர்ந்து பழைய வீடுகள் பள்ளத்தில் ஆகிவிட்டன. முன்பு வளவிலிருந்து ஒழுங்கைக்கு ஓடிய தண்ணீர் இப்போது ஒழுங்கையிலிருந்து வளவுக்குள் ஓடுகிறது. வீட்டு வாசற்படிக்கும் வீதிக்கும் உள்ள உயரத்தைக் கண்ணால் பார்த்தாலே விளங்கும். புதிதாகப் பெயின்ற் பூசிய வீடு என்றால் அலுமாரிக்குப் பின்னாலும் குளிரூட்டிக்குப் பின்னாலும் எட்டிப் பாருங்கள். சோம்பேறிப் பெயின்ற்றர் அங்கே பூசியிருக்க மாட்டார். 2011 தை மாத வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அயலில் இரண்டு பேரிடமாவது கேளுங்கள், ஒருவரின் கணக்கு மற்றவரோடு ஒத்துப்போனால் நம்பலாம்.

கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடைத்தூரம் குறைந்தது ஐம்பது அடியாவது வேண்டும். 8 பேர்ச்சில் அது அமைவது கடினம். உங்கள் குழி தூரத்தில் இருந்தாலும் அயல்வீட்டுக் குழி உங்கள் கிணற்றடியில் இருக்கும். ஆகவே குழாய்நீர் இணைப்பு இருக்கிறதா என்று பார்த்து, கிணற்றைக் கழுவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லடியைப் பற்றி ஒரு வரி. நான் அங்கே வாங்கவில்லை. சுனாமியில் சாய்ந்து நிற்கும் அந்தத் திருச்செந்தூர் முருகன் கோவில் கோபுரத்தைக் கடந்து தினமும் வேலைக்குப் போய்வர என்னால் முடியாது என்பது மட்டுமே காரணம். 2004 மார்கழி 26 இல் நான் அங்கே ஒரு தோழியை இழந்தேன். உங்களுக்கு அந்தத் தடை இல்லையென்றால் வாவிப்பக்கமாகப் பாருங்கள். கடலோரமாயின், கரையிலிருந்து முந்நூறு மீற்றருக்குள் கட்டட வேலைக்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவை என்பதையும், இப்போது நிற்கும் வீடு அவ்வனுமதியோடு கட்டப்பட்டதா என்பதையும் கேளுங்கள்.

காரைதீவான் எழுதியது:

அக்கா, இருவரும் நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தனியாக இருக்கிறீர்கள் என்பதால் தம்பியோ அண்ணனோ இருந்தால் அவர் பெயரையும் உறுதியில் சேர்த்து எழுதினால் பிற்காலத்துக்குப் பாதுகாப்பாக இருக்குமல்லவா? எங்கள் பெரியம்மா அப்படித்தான் செய்தார். கடனும் இருவர் பெயரில் எளிதாகக் கிடைத்தது.

பழைய ஏடு எழுதியது:

தம்பி நல்லெண்ணத்தில் சொல்கிறார், ஆனால் நான் உடன்படமாட்டேன். இரண்டு பெயர் எழுதிய கணமே அது பிரிபடாத பங்குடைய கூட்டுச்சொத்து. சகோதரர் நல்லவராகவே இருப்பார். அவர் இறந்தால் அவருடைய பங்கு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போகும், அவர் கடன்பட்டால் கடன்காரர் அந்தப் பங்கின்மேல் வருவார். அவர்களில் ஒருவர் 1977 ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டப்படி வழக்கு வைத்தால், 8 பேர்ச் வீட்டைப் பிரிக்க முடியாது என்று ஏலத்தில் விற்கச் சொல்லித் தீர்ப்பு வரவும் கூடும். வீட்டைப் பிற்காலத்தில் யாருக்காவது கொடுக்க விரும்பினால் மரண சாசனம் எழுதிவையுங்கள். அதை நினைத்தபோது மாற்றலாம், எழுதிய உறுதியை அப்படி மாற்ற முடியாது.

களுவாஞ்சிகுடி மூத்தவள் எழுதியது:

மூவருக்கும் நன்றி. மூன்று கிழமையாக அலைந்ததைச் சொல்கிறேன்.

இருதயபுரத்து வீட்டுக்கு ஒரு நல்ல மழைக்கு மறுநாள் போனேன். கொங்கிறீற்று வீதியிலிருந்து வாசலுக்கு இரண்டு படி கீழே இறங்க வேண்டியிருந்தது. முதல்முறை தரகரின் பேச்சில் அதைக் கவனிக்கவே இல்லை. கூடத்துச் சுவரில் இடுப்பளவுக்கு ரைல்ஸ் ஒட்டியிருந்தார்கள், அழகுக்கு என்றார்கள். மின்செருகிகள் எல்லாம் என் தோளுயரத்தில் இருந்தன. குளிரூட்டிக்குப் பின்னால், டீச்சர் சொன்னதுபோலவே, முழங்காலுக்கு மேலே தேயிலைச் சாயம்போல ஒரு கோடு. பக்கத்து வீட்டுக்காரர் 2011 இல் கட்டிலைக் கல்லில் ஏற்றிவைத்துப் படுத்ததாகச் சொன்னார். அதை விட்டுவிட்டேன். கல்லடியை விலைக்காக விட்டேன்.

நாவற்குடாவுக்கு இரவு ஏழே முக்காலுக்குத் தனியாகப் போனேன். ஆறு விளக்குகளில் நாலு எரிந்தன. இரு பக்கத்து வீடுகளிலும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு வீட்டில் ரியூஷன் நடக்கிறது, கடப்படி முழுக்கச் செருப்புகள். சட்டத்தரணி ஏட்டைத் தேடியதில் ஐயா சொன்னதே சரியாயிற்று: 1998 நன்கொடை உறுதி, தாய்க்குச் சீவிய உரித்து. ஈடு எதுவும் இல்லை. மகள் ஆவணி மாதம் நேரிலே வந்து ஒப்பமிடுவதாகச் சொல்லியிருக்கிறார், ஆகவே மாமாவின் தத்துவம் தேவைப்படாது. தாயும் ஒப்பமிடச் சம்மதிக்கிறார். அதன்பின் அவர் மகளோடு கனடாவுக்குப் போகிறார்.

ஒரே ஒரு சிக்கல். அவருடைய விசா வரும்வரை, அநேகமாகத் தை மாதம் வரை, பின்னறையில் இருக்கலாமா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நான் சரி என்றுவிட்டேன். வாடகையாக ஏதாவது தருகிறேன் என்கிறார். இதை எப்படி எழுதி வைப்பது?

பழைய ஏடு எழுதியது:

வாடகை என்று நூறு ரூபாயும் வாங்காதீர்கள், மகள். வாங்கினால் அவர் வாடகைக் குடியிருப்பாளர் ஆகிவிடுவார், உங்களுக்கு அது வேறு சட்டம். முதலில் சீவிய உரித்தைக் கைவிட்டு உறுதி எழுதப்பட வேண்டும். அதன்பின் அதே நொத்தாரிசின் முன் தனிக் கடிதமாக, உங்கள் அனுமதியின்பேரில் இன்ன திகதிவரை பின்னறையில் கட்டணமின்றி இருக்கிறார் என்று எழுதி, மகளும் அதில் ஒப்பமிடட்டும். விலையில் ஒரு பகுதியை அந்தத் திகதிவரை சட்டத்தரணியின் கையில் வைத்திருக்க மகள் சம்மதித்தால் இன்னும் நல்லது. மின்சாரப் பட்டியலையும் சோலைவரி என்னும் வீட்டு வரியையும் உறுதி எழுதிய கையோடு உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்த அம்மா இருக்கும்வரை இரவுக் கடமைக்கு வீட்டைப் பூட்டிவிட்டுப் போகவும் தேவையில்லை.